ஆளுக்கு ஒரு தப்பு

திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்த மறுவருடம், ஊரில் எதைத் தொட்டாலும் 'மாவட்ட' என்று ஒட்டிக்கொண்டது. மாவட்டக் கோலப் போட்டி வந்தது. மாவட்டப் பாட்டுப் போட்டி வந்தது. முடி வெட்டும் தருமன்கூடத் தன் பலகையில் 'மாவட்டத்தின் முதல் சலூன்' என்று எழுதிக்கொண்டார். கபடி மட்டும் சும்மா இருக்குமா? அதுவும் வந்தது.

மாவட்டச் சிறுவர் கபடி! பெரிய மைதானம், மைக் செட், கோப்பை. ஒவ்வோர் ஆட்டக்காரனின் பெயரையும் மைக்கில் கூப்பிடுவார்களாம். ஆனால் இந்த வட்டாரத்திலிருந்து ஒரே ஓர் அணிதான் போகலாம். தேரடி வீதிப் பையன்களா, அடி அண்ணாமலைக் கிராமத்துப் பையன்களா?

"நீங்களே ஆடிப் பார்த்து, ஜெயிச்சவங்க பேரைக் குடுங்கப்பா" என்று போட்டி நடத்துகிறவர் சொல்லிவிட்டார்.

ஆட வறண்ட ஏரி இருந்தது. நடுவராக நிற்கத்தான் ஆள் இல்லை. இவர்கள் சொன்ன ஆளை அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் சொன்ன ஆளைப் பார்த்து இவர்கள் சிரித்தார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே ஆளைக் காட்டின. ஆறாம் வகுப்பு முடித்திருந்த எழிலரசி.

காரணம் இருந்தது. அவள் அப்பா கண்ணாயிரத்தின் பாத்திரக்கடை தேரடி வீதியில். அவள் அம்மா பிறந்தது அடி அண்ணாமலையில். போதாக்குறைக்கு அவளிடம் ஊதலும் இருந்தது, வாயும் இருந்தது.

எழிலரசி கடையில் வளர்ந்தவள். வருகிறவர் ஒரு விலை கேட்பார், அப்பா ஒரு விலை சொல்வார். இருவரும் கோபித்துக்கொள்வார்கள். வந்தவர் வாசல்வரை போய்த் திரும்புவார். முடிவில் நடுவே எங்கோ ஓரிடத்தில் பேச்சு படியும். இருவருக்கும் கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் சந்தோஷம். உலகத்தில் எந்தச் சண்டையும் இப்படித்தான் தீரும் என்று அவள் நம்பினாள்.

ஆட்டம் சூடாகத்தான் நடந்தது. பாதி ஆட்டத்தில் தேரடி வீதிக் காசி, "கபடி கபடி" என்று பாடிக்கொண்டு போனான். ஓரக் கோட்டருகே சட்டென்று திரும்பினான். புழுதி கிளம்பியது.

"கோட்டைத் தாண்டிட்டான்! அவுட்டு! அவுட்டு!" என்று அடி அண்ணாமலைப் பக்கம் மொத்தமும் கத்தியது.

எழிலரசி பார்த்தது புழுதியை மட்டும்தான். ஆனால் அத்தனை பேர் கத்தும்போது கை தானாக ஊதலுக்குப் போய்விட்டது. "அவுட்!"

காசி குதித்தான். "இன்னா எழிலு, கண்ணு அவிஞ்சு போச்சா? கோடு எங்க, என் காலு எங்க?"

"அவங்கம்மா ஊரு இல்ல? சாயங்காலம் அங்கேருந்து வீட்டுக்கு வெள்ளரிப்பிஞ்சு வந்துடும்டா!" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

புழுதி அடங்கியதும் அவள் குனிந்து பார்த்தாள். காசியின் காலடித் தடம் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது.

காசி பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள். "சரி விடு. அப்புறம் பாத்துக்கலாம்."

கொசுறு தருவதாகக் கடைக்காரர் சொன்னதும் தலையாட்டும் வாடிக்கையாளரைப்போல, காசி தலையாட்டிவிட்டு வெளியே போனான்.

ஆட்டத்தின் கடைசிப் பாட்டு. இரண்டு அணிக்கும் சமமான புள்ளி. அடி அண்ணாமலை மாறன் மூச்சை இழுத்துப் பிடித்துப் பாடிக்கொண்டு வந்தான். ஒருவனைத் தொட்டான், திரும்பினான். அதற்குள் மூன்று பேர் அவன் காலைப் பிடித்துவிட்டார்கள். மாறன் விழுந்தான். விழுந்தும் பாட்டை விடவில்லை. மண்ணில் உரசிக்கொண்டே கையை நீட்டினான். அவன் விரல்கள் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டன.

அவன் தலைக்கு மேலே குனிந்து நின்றவள் எழிலரசி. விரலைப் பார்த்தாள். "கபடி கபடி"யையும் கேட்டாள்.

"பாட்டை வுட்டுட்டான்!" என்று தேரடி வீதிப் பையன்கள் கத்தினார்கள். காசி கத்தவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் சொன்ன 'அப்புறம்' வந்துவிட்டது.

ஊதினாள். "பாட்டு நின்னுடுச்சு. அவுட்!"

தேரடி வீதி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தது. மாறன் மெதுவாக எழுந்தான். முட்டியில் தோல் கிழிந்திருந்தது.

"நான் பாட்டு வுடல" என்றான். "நீ கிட்டதானே நின்ன? கேட்டுச்சு இல்ல?"

எழிலரசி ஊதலைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஆளுக்கு ஒரு தப்பு, சரியாகப் போயிற்று என்று வீடுவரை சொல்லிக்கொண்டே போனாள். ராத்திரி படுத்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அப்பா டீ குடிக்கப் போயிருந்தபோது ஜோதியம்மாள் கடைக்கு வந்தார். பேரம் பேசுவதில் அந்த வீதியையே அழவைத்தவர். ஒரு பித்தளைக் குண்டானைத் தூக்கித் தராசில் வைத்தார்.

"பாப்பா, எடையைக் கொஞ்சம் கம்மியாச் சொல்லேன். அப்பாதான் இல்லியே!"

"வெலையைக் கேளுங்கம்மா, கொறைக்கலாம்" என்றாள் எழிலரசி. "எடை இருக்கிறதுதானே இருக்கும்? அதைப் போய் எப்படிக் கொறைக்கிறது?"

சொன்னவள் வாயை மூடவில்லை. அப்படியே நின்றாள்.

"இன்னாடி, உன் பேச்சு உனக்கே புடிச்சிப்போச்சா?" என்று ஜோதியம்மாள் சிரித்தார்.

அப்பா திரும்பியதும் எழிலரசி ஓடினாள். காசி போட்டிக்கு வாங்கிய புதுப் பனியனைப் போட்டுக் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தான்.

"காசி, மாறன் பாட்டு விடல. நான் பொய் சொன்னேன். அவங்கதான் ஜெயிச்சாங்க."

"அப்போ என்னை அவுட்டாக்கினது?"

"அதுவும் தப்பு."

"ரெண்டும் சரியாப் போச்சு இல்ல?"

"எங்க சரியாப் போச்சு? மொதல்ல ஒரு தப்பு இருந்துது. இப்போ ரெண்டு இருக்குது."

காசி பனியனைத் தடவினான். "பேரு குடுத்தாச்சு எழிலு. ரெஃப்ரி சொன்னா சொன்னதுதான்."

போட்டி நடத்துகிறவரிடமும் போனாள். அவர் பந்தல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"நடுவர் முடிவே இறுதியானது பாப்பா."

"நான்தாங்க நடுவர்!"

"அப்ப முடிவு பண்ணினதும் நீதானே?" என்றார் அவர். சொல்லிவிட்டுப் பந்தல்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அவள் சைக்கிளை மலை சுற்றும் பாதையில் விட்டாள். அடி அண்ணாமலையில் மாறன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"உன் பாட்டு எனக்குக் கேட்டுச்சு" என்றாள். "விரலையும் பார்த்தேன். காசியைத் தப்பா அனுப்பிட்டேன், அதைச் சரிகட்ட உன்னை அனுப்பிட்டேன். இன்னிக்குப் போய் எல்லார்கிட்டயும் சொல்லிப் பார்த்தேன். யாரும் மாத்தல."

மாறன் இன்னொரு கடலையை உடைத்தான்.

"ஆரணிலேர்ந்து எங்க மாமா வரேன்னாரு. மைக்குல என் பேரைக் கூப்புடறதைக் கேக்க. வர வேணாம்னு சொல்லியனுப்பிட்டேன்."

இதற்கு என்ன சொல்ல? விலை குறைக்கலாமா, கொசுறு போடலாமா? எழிலரசியும் உட்கார்ந்து கடலை உடைத்தாள்.

"எனக்குக் கோவம் போகல" என்றான் மாறன்.

"போக வேணாம்."

"காசி காலை எப்படிப் பார்க்காம விட்ட?"

"புழுதி. நான் நடுக்கோட்டுல நின்னேன். அவன் ஓரத்துல இருந்தான். உங்க பசங்க கத்துனாங்க, நான் ஊதிட்டேன்."

"பார்க்கலன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவள் கை நின்றது. ஆமாம், சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், இந்த இரண்டு தப்பில் எதுவுமே நடந்திருக்காது.

"இனிமே சொல்லப் போறேன்" என்றாள். "ஒவ்வோர் ஓரக் கோட்டுலயும் ஒருத்தன் நிக்கணும். பார்த்தவன் கையைத் தூக்கணும். யாரும் பார்க்கலன்னா மறுபடியும் ஆடணும். எவன் கத்தினாலும் நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்."

"நடுவரே 'பார்க்கல'ன்னு சொன்னா சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும்."

மாவட்டப் போட்டி நடந்தது. தேரடி வீதி அணி முதல் ஆட்டத்திலேயே தோற்று, புதுப் பனியனில் மண்ணோடு திரும்பியது. அதில் யாருக்கும் சந்தோஷம் இல்லை. மைக் எத்தனையோ பெயர்களைக் கூப்பிட்டது. மாறன் பெயரைக் கூப்பிடவில்லை.

பள்ளிக்கூடம் திறக்குமுன் ஏரியில் இன்னொரு ஆட்டம் போட்டார்கள். நடுவராக எழிலரசி வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். சொன்னதில் தப்பில்லை என்று அவளும் ஒதுங்கி நின்றாள்.

"அவளே நிக்கட்டும்" என்றான் மாறன். "இன்னா ஆவுதுன்னு பார்ப்போம்."

அவள் சொன்னபடியே ஓரக் கோடுகளில் ஆட்கள் நின்றார்கள். ஆட்டத்தின் நடுவே ஒருமுறை, "நான் பார்க்கல. மறுபடியும் ஆடுங்க" என்றாள் எழிலரசி. இரண்டு அணியும் விழுந்து விழுந்து சிரித்தன. அப்புறம் மறுபடியும் ஆடின.

சிறிது நேரத்தில் மாறன் அவுட்டாகி வெளியே வந்து, ஓரக் கோட்டில் நின்றான். அவன் அணியின் அர்ஜுனன் பாடிப் போய், ஒருவனைத் தொட்டு, கோட்டோரமாகத் தப்பி ஓடி வந்தான். புழுதி எழுந்தது.

"அவுட்டு!" என்றது ஒரு பக்கம். "உள்ளதான்!" என்றது மறுபக்கம். எழிலரசி இரண்டு பக்கமும் திரும்பவில்லை. மாறனை மட்டும் பார்த்தாள்.

"அவனைக் கேக்கறியா?" என்று காசி அலறினான். "அவங்க ஆளாச்சே! எப்படிச் சொல்லுவான்?"

மாறன் கோட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கையைத் தொங்கவிட்டபடியே அவன் நின்றிருந்தால், யாரும் அவனை ஒன்றும் கேட்டிருக்க முடியாது. எழிலரசி கேட்கவே முடியாது.

அவன் கை உயர்ந்தது. "தாண்டிட்டான். அவுட்டு."

"டேய், நீ யாரு பக்கம்டா?" என்றான் அர்ஜுனன் அழாத குறையாக.

"நான் எங்க நிக்கிறேனோ அந்தப் பக்கம்" என்றான் மாறன், கோட்டைக் காட்டி.

எழிலரசி அவன் அருகே வந்தாள். மாறன் அவளைப் பார்க்காமல், மண்ணைக் காலால் தள்ளினான்.

"அன்னிக்கு எனக்கும் இப்படி ஒருத்தர் நின்னிருக்கலாம்."

"நான் நின்னேன் மாறா" என்றாள் அவள். "நின்னும்தான்..."

மாறன் காத்து நின்ற ஆட்டக்காரர்களைக் கையால் காட்டினான்.

"சரி, ஊது" என்றான். "எல்லாரும் நிக்கிறாங்க பாரு."

அவள் ஊதினாள்.