சேரின் சப்பாத்தில் விழுந்த முட்டை

முட்டை உடைந்த சத்தம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அது உடைந்த இடம் விஞ்ஞானம் படிப்பிக்கும் சேரின் சப்பாத்து! வத்தேகமவில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தின் முற்றமே எட்டிப் பார்த்தது.

அங்கே படிக்கும் சந்திரிகாவும் தனபாலனும் சேர்ந்து செய்த பரசூட் அது. சொப்பிங் பேக்கை விரித்து, நாலு மூலையிலும் நூல் கட்டி, அடியில் யோகட் கப்பைத் தொங்கவிட்டு, அதற்குள் முட்டையை வைத்திருந்தார்கள். மாடியிலிருந்து விட்டால் மெல்ல இறங்கும் என்று சத்தியம் வேறு செய்திருந்தார்கள். அதுவோ பேய் பிடித்ததுபோல் சுழன்றது. நூல்கள் முறுக்கிக்கொண்டன, பை சுருங்கியது, பொத்தென்று விழுந்தது.

இன்னொரு முட்டையும் உடைந்தால், கண்டியில் நடக்கும் பரசூட் போட்டிக்கு வேறு இருவர் போவார்கள் என்று சேர் சப்பாத்தைத் துடைத்தபடி சொன்னார்.

மற்றப் பிள்ளைகளோ தனபாலனை மட்டும் விலக்கச் சொன்னார்கள். அவன் ஒரு மூலை நூலில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவனுடைய அப்பா ஆட்டோ ஓட்டுபவர். கண்ணூறு படாமலிருக்க முன்னால் பழம் கட்டாமல் வண்டியை எடுக்கவேமாட்டார். மகனும் அதையே செய்தான், பாவம்.

மறுநாள் அவன் இன்னும் பெரிய பழத்தோடு வந்தான்.

"நேத்து பழம் சின்னது. அதான் கண்ணூறு பட்டிருச்சு."

சந்திரிகாவுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அவன் கண் கலங்கியிருந்ததால் அடக்கிக்கொண்டாள். பழத்தை அவன் சொன்ன மூலையிலேயே கட்டி, முட்டைக்குப் பதிலாக ஒரு கல்லைப் போட்டு விட்டுப் பார்த்தாள். திகைத்துப்போனாள். நேற்றைவிட மோசம்! பழம் தொங்கிய பக்கமாகவே பை சாய்ந்தது, சாய்ந்தபடியே சுழன்றது.

"பழத்தக் கழட்டிறவா?" தனபாலன் மெதுவாகக் கேட்டான்.

"வேணாம். நடுவுல கட்டுவோம். ஒரே பக்கமா பாரம் இருந்தா சாயுந்தானே."

கப்புக்கு நேர் கீழே பழத்தைத் தொங்கவிட்டாள். பாரத்தோடு வேகமாக விழுமே என்று யோசித்துப் பெரிய பையாக மாற்றினாள். பை அகலமானால் காற்று அதிகமாகத் தடுக்கும்.

இந்த முறை கப்பில் முட்டையை வைத்தபோது சேர் நன்றாகத் தள்ளி நின்றார். பரசூட் காற்றை அள்ளி விரிந்தது. சுழலவேயில்லை. நேராக, சோம்பலாக இறங்கி நிலத்தில் உட்கார்ந்தது. சேர் முட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. சிரித்த பிள்ளைகளே கை தட்டினார்கள். தனபாலனும்தான்.

கண்டிக்கு யார் யார் போவது என்று சேர் கேட்டார்.

"தனபாலன், சேர்," என்றாள் சந்திரிகா. "அப்புறம் நான்."