அகழியில் ஒரு மூச்சு

மழை ஓய்ந்து ஒரு நாழிகைகூட ஆகவில்லை. செங்கழனிக் கோட்டையின் மேற்கு மதிலுக்கு மேல் அந்திச் செம்மை மங்கிக்கொண்டிருக்க, கிழக்கே எழுந்த முழுநிலா அகழியை நிறைத்து நின்ற தாமரை இலைகளின்மேல் வெள்ளியை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் இலையின் நடுவிலும் ஒரு மழைத்துளி. கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால், அன்பு வாசகர்களே, அகழியைச் சுற்றி நாற்பது வில்லாளிகள் நாணேற்றி நின்றார்கள்.

அந்த இலைகளுக்கு அடியில் எங்கோ ஐயாறன் என்னும் ஒற்றன் மறைந்திருந்தான். விடியலில் ஆற்றுத்துறையைக் கடக்கவிருந்த அவன் நாட்டுப் படையை, மூவாயிரம் பேரையும், பதுங்கியிருந்து கொல்லக் கோட்டையார் திட்டமிட்டிருந்தார்கள். அதை அவன் ஒட்டுக் கேட்டுவிட்டான். அகழியின் மூலையிலிருந்த மதகு வழியே ஆற்றுக்குப் போய்விட்டால் அங்கே குதிரை காத்திருக்கிறது.

"சேந்தி!" என்று அழைத்தார் தண்டநாயகர் வயிரமேகர்.

கோட்டை மருத்துவசாலைக்குப் பச்சிலை பறிக்கும் சேந்தி தலை குனிந்தபடி வந்தாள்.

"என் தோளுக்குக் கட்டுப் போட்டபோது சொன்னாயே, அதை மறுபடி சொல்."

"தாமரை இலையின் நரம்புகளெல்லாம் நடுவில் கூடுகின்றன, பிரபு. காற்று அங்கிருந்து தண்டு வழியே சேற்றுக் கிழங்குவரை இறங்கும். வெயில் வேளையில் நடுவில் நீர் நின்றால் குமிழி எழும்."

"வெயில் போய்விட்டது. இப்போது குமிழி எழுந்தால்?"

விடையை அவரே சொன்னார்.

"அது ஆள் விடும் மூச்சு! தண்டை அறுத்து வாயில் வைத்திருக்கிறான். உன் கண் பழகிய கண். இறங்கித் தேடு. இலையைச் சாய்த்துத் துளியைக் கொட்டினாயோ, முதல் அம்பு உனக்கு."

"அப்படியே நாலு இலை பறித்து வா, பெண்ணே! இரவுச் சோற்றுக்கு ஆகும்," என்றான் ஒரு வில்லாளி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

சேந்தி அதிகம் பேசாதவள். இலைகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறுத்தமாட்டாள். அதே பாடத்தை ஐயாறனுக்கும் சொல்லியிருந்தாள். தண்டநாயகருக்கு அது தெரியாது.

நீர் மார்பளவு இருந்தது. ஏழாவது இலையில் துளிக்கு அடியிலிருந்து ஒரு குமிழி எழுந்து உடைந்தது. பிறகு இன்னொன்று.

அவள் நிற்கவில்லை. கடந்துபோகும் பாவனையில் இலையின் அடிப்புறம் கையை நீட்டினாள். புடைத்திருந்த நரம்புகளில் தடித்த ஒன்றை நகத்தால் கிள்ளித் திறந்தாள். மூச்சுக்கு வேறு வழி கிடைத்தது. மேலே துளி அடங்கியது. தண்டை இருமுறை அழுத்தினாள். 'போய்விடு' என்று அதற்குப் பொருள்.

"இங்கே யாரும் இல்லை, பிரபு."

"நானே பார்க்கிறேன்." வயிரமேகர் நீரில் இறங்கினார். குனிந்து ஒவ்வொரு துளியாகப் பார்த்தார். எதுவும் அசையவில்லை. பிறகு அவருடைய பார்வை அவள் கைக்குப் போனது. நகத்தில் வெண்பால், அதில் சிலந்தி இழைபோல் ஒரு நூல்.

"எந்த இலையின் நரம்பைக் கிள்ளினாய்?"

"தேடிக்கொள்ளுங்கள். நூறு இலைக்குமேல் இருக்கும். இலைக்கு இருபது நரம்பு."

"எய்யுங்கள்! எல்லா இலையிலும் எய்யுங்கள்!"

ஒரு வில்லும் வளையவில்லை.

"நடுவில் தாங்கள் நிற்கிறீர்களே, பிரபு!" என்று கரையிலிருந்து குரல் வந்தது.

அவர் கரைக்குப் பாய்ந்தார். சேந்தி அவருடைய மணிக்கட்டை இரு கைகளாலும் பற்றினாள். அவர் உதறினார், அடித்தார். அவள் விடவில்லை. அந்தச் சில கணங்கள் போதுமாயிருந்தன. மதகுக்கு அப்பால் ஒரு குதிரை கனைத்தது. குளம்பொலி ஆற்றுத்துறையை நோக்கி விரைந்து தேய்ந்தது.

"யாரடி நீ?"

அவள் முதன்முறையாகத் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ஐயாறனின் மனைவி."