சதுப்புக் கோரையின் சீட்டு

உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் குஸ்கோ நகரத் தாவரக் காப்பகத்துக்குள் சாத்துர்னினா மூச்சிரைக்க நுழைந்தாள். நாலாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில் கம்பளி தரும் அல்பாக்கா மந்தையை மேய்ப்பவளுக்குப் படியேறினால் மூச்சு வாங்காது. கோபம்தான்.

"டாக்டரம்மா, எங்க சதுப்பு சதுப்பே இல்லையாம்! என்னைக்கும் காஞ்ச சரிவுதானாம். உங்க தாள்லயே அப்படி எழுதியிருக்காம். சுரங்கக் கம்பெனி இன்ஜினியர் நாளைக்கு விசாரணைல காட்டப்போறாரு. அங்க தோண்டிட்டா எங்க மந்தை எங்க போய்த் தண்ணி குடிக்கும்?"

காப்பாளர் எலாடியா அலமாரியைத் திறந்தார். உதவியாளர் வில்பர் அந்தத் தாளைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்தான். ஒரு சாண்கூட இல்லாத கோரை, வேரோடு ஒட்டப்பட்டிருந்தது. கீழே சீட்டில் சேகரித்தவர் பெயர், எண், 1971-ஆம் ஆண்டுத் தேதி, சாத்துர்னினாவின் ஊர்ப்பெயர், 'வறண்ட கற்சரிவு'.

"தெளிவாத்தானே இருக்கு," என்றான் வில்பர், முகம் வாடி.

"சீட்டை விடு. சுத்தியிருக்கிற தாளைப் பாரு."

தாள் முழுவதும் பழுப்பேறியிருந்தது. சீட்டைச் சுற்றி மட்டும் விரல் அகலத்துக்கு வெளுப்பு.

வில்பர் துள்ளினான். "இதைவிடப் பெரிய சீட்டு இங்க ரொம்ப வருஷம் ஒட்டியிருந்திருக்கு!"

"வேரையும் பாரு. கறுப்பு மண்ணு, சதுப்புப் பாசி. வறண்ட கல்லுல இது எங்கிருந்து வந்துச்சு? பார்வையாளர் பதிவேட்டை எடு."

அண்மையில் இந்தத் தாளைக் கேட்டு வாங்கியவர் ஒருவர்தான்: கம்பெனி இன்ஜினியர் ரெனாத்தோ.

"சேகரிக்கிறவங்க ஒரே செடியைப் பிரிச்சு ரெண்டு காப்பகத்துக்குக் கொடுப்பாங்க. இதோட ஜோடி தலைநகர் லிமாவுல இருக்கணும்," என்று எலாடியா தொலைபேசியை எடுத்தார்.

மறுநாள் விசாரணைக் கூடத்தில், நீர்வள அதிகாரி முன்னிலையில், எலாடியா வெளுத்த ஓரத்தையும் வேர்மண்ணையும் காட்டினார். ரெனாத்தோ அசரவில்லை.

"பழைய சீட்டு கிழிஞ்சிருந்துச்சு டாக்டர். நான்தான் மாத்தி ஒட்டினேன். அதுல இருந்ததை அப்படியே எழுதினேன்."

"அப்படியேவா?"

"ஒரு எழுத்து மாறல."

எலாடியா லிமாவிலிருந்து வந்த ஜோடித் தாளின் படத்தை அதிகாரியிடம் நீட்டினார். அதே சேகரிப்பாளர், அதே நாள், அதே எண். அதிகாரி உரக்கப் படித்தார்: "'ஊற்றோரம். முழங்கால் ஆழச் சதுப்பு. ஆண்டு முழுவதும் நீர்.'"

ஊற்றுள்ள சதுப்பில் தோண்டக் கூடாது என்று சுரங்க விண்ணப்பத்தை அங்கேயே தள்ளுபடி செய்த அதிகாரி, பதிவைத் திருத்தியதற்காக ரெனாத்தோமேல் வழக்குப் போடச் சொன்னார்.

சாத்துர்னினா தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "இன்ஜினியர், சந்தேகம் இருந்தா எங்க ஊருக்கு வாங்க, இறங்கிப் பாருங்க. பூட்ஸைக் கரையிலேயே கழட்டி வச்சிருங்க. உள்ள போனா நீங்க திரும்பி வருவீங்க, அது வராது!"

கூடம் அதிரச் சிரித்தது. விசாரணைக்கு வந்திருந்த ஊர் மேய்ப்பர்கள் எலாடியாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள்.