வலது பக்கச் சக்கரம்

லோஷினிக்கு வயது பத்து. அப்பாவின் வெள்ளைக் காருக்கு வயது பன்னிரண்டு. அதனால் அந்த வீட்டில் காருக்குத்தான் மரியாதை அதிகம்.

இரண்டு வாரமாக அந்தக் கார் கத்திக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பின்பக்கத்திலிருந்து "கீ...ச்" என்று ஒரு சத்தம். அவர்கள் குடியிருந்த தாமான் வீடுகளின் பூனைகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

"பின்சக்கரத்துல பிரேக் பேட் தேய்ஞ்சு போச்சு," என்றார் அப்பா மதிவாணன். "சனிக்கிழமை காலையில நானே மாத்திடுறேன்."

"பட்டறையில போரெமென்கிட்ட விடுங்களேன்," என்றார் அம்மா கஸ்தூரி. "சாயங்காலம் மூவார்ல எங்கண்ணன் வீட்டுக்குப் போகணும். வழியெல்லாம் லாரியா ஓடும்."

"அலமாக்! பேட் மாத்துறதுக்குப் போரெமென் எதுக்குலா? போன வருஷம் முன்சக்கரத்துக்கு நான்தானே மாத்தினேன்?"

அம்மா அவருடைய இடுப்பைப் பார்த்தார். போன வருஷம் அந்த வேலை முடிந்ததும் அப்பா மூன்று நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

லோஷினிக்கும் போன வருஷம் நினைவிருந்தது. அன்று அவள் கார் அருகே போனபோதெல்லாம், "சின்னப் பிள்ளைக்கு இங்க என்ன வேலை? உள்ள போ," என்று அப்பா துரத்திவிட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழு வேலையையும் அங்கிருந்தேதான் பார்த்தாள்.

இந்த முறை அவள் விடுவதாக இல்லை. திங்கட்கிழமையிலிருந்து கெஞ்சினாள். வெள்ளிக்கிழமை இரவு அப்பா இறங்கி வந்தார்.

"சரி, நீதான் எனக்கு உதவியாள். ஆனா ஒண்ணு. புது பேட்ல எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது. பட்டா பிரேக் சரியா பிடிக்காது. ஒரு தப்பு பண்ணாலும் நேரா உள்ள போய் டிவி பார்க்கணும். சரியா?"

"சரிப்பா!" என்றாள் லோஷினி. அன்றிரவு அவளுக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. அப்பா ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டார். பின்சக்கர வேலைக்கு அது இறங்கித்தான் இருக்க வேண்டுமாம். கார் நகராமல் இருக்க லோஷினி முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தாள். பிறகு அப்பா ஜாக்கியால் காரின் பின்பக்கத்தைத் தூக்கி, இரும்புத் தாங்கிகளில் உட்கார வைத்தார்.

முதலில் இடது சக்கரம். அதைக் கழற்றியதும் உள்ளே பளபளவென்று ஒரு வட்டத் தட்டு தெரிந்தது. தட்டின் இரண்டு பக்கமும் இரண்டு பேட்.

"பிரேக் மிதிச்சா இந்த ரெண்டும் சேர்ந்து தட்டை இறுக்கிப் பிடிக்கும். கார் நிக்கும்," என்றார் அப்பா.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். யாருகிட்டயும் சொல்லிடாதே, அப்புறம் என் மதிப்பு போயிடும்."

பழைய பேட் தேய்ந்து மெலிந்திருந்தது. புதியது அதைவிடத் தடிமன். அது உள்ளே நுழைய வேண்டுமென்றால் பேட்டைத் தள்ளுகிற பிஸ்டனை முதலில் உள்ளே அனுப்ப வேண்டும். அப்பா ஒரு கருவியை வைத்து அதை அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். முகம் சிவந்ததுதான் மிச்சம், பிஸ்டன் அசையவில்லை.

"முன்சக்கரத்துல சும்மா அழுத்தினதும் போச்சே!"

"அப்பா, நேத்து நான் பார்த்த பேட் மாத்துற வீடியோவுல ஒரு அங்கிள் அழுத்தலையே. திருகிக்கிட்டே தள்ளினார். பின்சக்கரத்துல அப்படித்தானாம்."

அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பிஸ்டனைத் திருகினார். அது சமர்த்தாக உள்ளே போனது.

"எனக்கும் தெரியும்லா. உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன்," என்றார் அப்பா.

லோஷினி புதிய பேட்டுகளை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். இடது பக்கம் முடிந்தது.

அப்போது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "லோஷினி! எண்ணெய் தேய்க்க வா!"

சனிக்கிழமையில் அந்த வீட்டில் எண்ணெய்க் குளியல். வானம் இடிந்து விழுந்தாலும் அதில் மாற்றம் கிடையாது. அம்மா உச்சந்தலையில் நல்லெண்ணெயை ஊற்றித் தாளம் போட்டுத் தேய்த்தார். ஐந்து வயதுத் தம்பி வசந்தன் ஏற்கெனவே எண்ணெயில் மினுமினுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்.

"அரை மணி நேரம் ஊறட்டும்," என்றார் அம்மா.

அரை மணி நேரம் சும்மா இருப்பதா? வேலை பாதியில் இருக்கிறதே! லோஷினி துண்டில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

வானம் கறுத்திருந்தது. மழை வருவதற்குள் முடிக்க அப்பா வலது சக்கரத்தில் வேகமாக வேலை செய்துகொண்டிருந்தார். "பேட்!" என்று கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். "இன்னொண்ணு!" கொடுத்தாள். நடுநடுவே கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

சக்கரத்தை மாட்டிக் காரையும் இறக்கியாயிற்று. அப்பா உள்ளே உட்கார்ந்து பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பார்த்தார். பிறகு இறங்கி, வாசலுக்கு வந்த அம்மாவிடம், "பார்த்தியா? போரெமென்கூட இவ்வளவு சுத்தமா செஞ்சிருக்க மாட்டான்," என்றார்.

"நீங்களும் உங்க போரெமெனும்," என்று அம்மா சிரித்தார். "மூவாருக்கு இந்தக் காரிலேயே போலாம், போங்க."

லோஷினி பழைய பேட்டுகளைப் போடுவதற்காகக் காலிப் பெட்டியை எடுத்தாள். அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

வெள்ளை அட்டையில் ஒரு எண்ணெய்க் கறை. சின்னதாக, நீள்வட்டமாக, கோடு கோடாக. லோஷினி தன் கட்டைவிரலை அதன் மேல் வைத்தாள். அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது.

பெட்டியில் பட்ட விரல் பேட்டிலும் பட்டிருக்குமே!

சொன்னால் அவ்வளவுதான். அப்பா டிவி பார்க்க அனுப்பிவிடுவார். இனி என்றைக்கும் ஜன்னல் கம்பிதான். அப்பா இப்போதுதான் அம்மாவிடம் பெருமையடித்திருக்கிறார், அதுவும் போய்விடும். ஒரு விரல் எண்ணெய்தானே, தேய்ந்து போய்விடாதா?

தேய்ந்து போகலாம், போகாமலும் இருக்கலாம். அவளுக்கு மூவார் சாலை நினைவுக்கு வந்தது. முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி. காரில் அம்மா, அப்பா, வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் வசந்தன்.

"அப்பா," என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது. "பேட்ல எண்ணெய் பட்டிருக்குப்பா."

அப்பா பெட்டியை வாங்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "இது எப்படி?"

அம்மா உடனே திரும்பினார். "டேய் வசந்தா! எண்ணெய்க் கையோட இங்க வந்தியா?"

"நான் இல்ல!" என்றான் வசந்தன். அவன் எதற்கும் அப்படித்தான் சொல்வான். அதனால் யாரும் நம்பவில்லை. அவன் உதடு பிதுங்கியது. கண்ணில் நீர் கட்டியது.

லோஷினி வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். வேலை சுலபமாக முடிந்துவிடும்.

"அவன் இல்லம்மா," என்றாள். "நான்தான். கையைத் துடைச்சேன். அப்புறம் முடியைத் தொட்டுட்டேன். மறந்தே போச்சு."

அப்பா தாங்கிகளை எடுத்து வைத்திருந்த மூலையைப் பார்த்தார். இரண்டு சக்கரங்களையும் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டையும் திரும்பக் கழட்டணும்," என்றார்.

"வேண்டாம்பா! வலது பக்கம் மட்டும் போதும். இடது பக்கம் முடிஞ்ச பிறகுதான் அம்மா எண்ணெய் தேய்ச்சாங்க. அப்போ என் கை சுத்தமா இருந்துச்சு."

அப்பா யோசித்தார். "சரிதான்," என்றார். பிறகு மறுபடி ஜாக்கியை எடுத்தார்.

லோஷினி தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் நடந்தாள். டிவியைப் போட்டாள். அதில் என்ன ஓடியது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. கண்ணீர் மறைத்தது.

"லோஷி! எங்கே போயிட்டே?" வாசலிலிருந்து அப்பாவின் குரல்.

"நீங்கதானே சொன்னீங்க... ஒரு தப்பு பண்ணாலும் டிவின்னு."

"நான் காருக்கடியில படுத்துக் கெடக்கேன், எனக்கு ஸ்பானர் யாரு எடுத்துக் கொடுப்பா? உங்கம்மாவா? வாலா சீக்கிரம்!"

லோஷினி துள்ளி எழுந்தாள். அம்மா அவளை விடவில்லை. முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு மூன்று முறை கை கழுவ வைத்தார். பிறகு பேரங்காடி நெகிழிப் பையை அவள் தலையில் மாட்டி, காதுக்கு மேல் முடிச்சுப் போட்டார். வசந்தன் அதைப் பார்த்து, "அக்கா முட்டைக்கோஸ்!" என்று கத்திச் சிரித்தான். சற்று முன் அழவிருந்த பிள்ளை அவன்தான்.

வலது பேட்டுகளைக் கழற்றிப் பார்த்தபோது ஒன்றில் கட்டைவிரல் அழகாகப் பதிந்திருந்தது.

"போலீஸ்காரங்களுக்குக்கூட இவ்வளவு தெளிவா கெடைக்காது," என்றார் அப்பா. லோஷினி சிரித்தேவிட்டாள்.

அப்பா பிரேக் துடைக்கும் மருந்தைப் பேட்டிலும் தட்டிலும் பீய்ச்சி அடித்துத் துடைத்தார். பேட்டின் மேற்பரப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மறுபடி பீய்ச்சித் துடைத்தார். ஒவ்வொரு முறையும் லோஷினி வெள்ளைத் தாளை அழுத்திப் பார்த்தாள். தாளில் கறை விழாத பிறகுதான் தலையாட்டினாள்.

சக்கரத்தை மாட்டி, காரைக் கீழே இறக்கியதும் அப்பா ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். "ஏறு. பிரேக்கை நீயே மிதிச்சுப் பாரு."

லோஷினி இருக்கை நுனிக்கு நகர்ந்து காலை நீட்டினாள். முதல் மிதிக்கு பிரேக் அடிவரை போனது. "அப்பா! போகுது!"

"பேட்டைக் கழட்டி மாட்டினா அப்படித்தான். விடாம மிதி."

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது மிதியில் அது கல்லைப் போல் காலுக்கடியில் நின்றது.

"பிடிக்குதுப்பா!"

மழை தூறத் தொடங்கியது. அப்பா காரைத் தாமான் சாலையில் மெதுவாக ஓட்டினார், பக்கத்தில் நெகிழிப் பையுடன் லோஷினி. நிறுத்தினார். ஓட்டினார். மறுபடி நிறுத்தினார். கீச் என்ற சத்தமே இல்லை. ஒரு பூனையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லவேளை சொன்னே," என்றார் அப்பா.

வீட்டு வாசலில் அம்மா காத்திருந்தார். "என்ன ஆச்சு? நம்பி உட்காரலாமா?"

அப்பா லோஷினியைக் கைகாட்டினார். "உதவியாளைக் கேளு. அவ சொன்னாத்தான் கார் மூவாருக்குப் போகும்."

லோஷினி தலையிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டு, "போலாம்மா," என்றாள்.