மூழ்கிய படகுக்குக் கடன் இல்லை

மன்னார் வளைகுடாவின் விலை ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் கோடி ரூபாய். வரி தனி. பவளப்பாறை, கடற்பசு, காற்று, அலைச்சத்தம் எல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை. அரசிதழில் அச்சாகி வந்துவிட்டதால் பேரத்துக்கு இடமில்லை. விலை போட்ட குழுவில் கடலை வாங்க வந்தவர் யாரும் இல்லை, விற்க வந்தவரும் இல்லை. ஆனாலும் ஒரு பொருளுக்கு விலை எழுதிவிட்டால் யாராவது கொடுத்துத்தானே ஆக வேண்டும்? வெளிநாட்டுக் கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்த கப்பல் மட்டி கடலைப் பாழாக்கிய பிறகு, சுத்தம் செய்கிற செலவை வளைகுடாவில் மிதக்கிற படகுகளின் தலையில் பங்கு வைத்தார்கள். அதற்குப் பெயர் கடற்கடன்.

மீன்வளத் துறையில் கோதண்டம் துணை இயக்குநர், தண்டல் பிரிவு. சென்னையில் தண்டல் என்றால் கடன் வசூல். தூத்துக்குடியில் தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன். அதனால் அவன் அறைக் கதவின் பலகையைப் படித்தவர்கள் எல்லாம், “சாருக்கு எந்தத் தோணி?” என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அன்று காலை அவன் உண்மையாகவே கடலில் இருந்தான். நிதியாண்டு முடியப் போகிறது. மாவட்டத்தின் கடல்காப்புச் செயல்திறன் தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு. மிச்சப் புள்ளியை மறித்துக்கொண்டு நின்றது ஒரே ஒரு படகு: மிக்கேல் துணை, உரிமையாளர் பிரகாசி மச்சாது, பாக்கி ஆறு லட்சத்து நாற்பதாயிரம். கடன் கட்டாத படகு கடலில் ஓடக் கூடாது. ஓடவும் முடியாது. மிக்கேல் துணையோ மூன்று நோட்டீசையும் வாங்கி வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்து வந்துவிட்டால் நூற்றுக்கு நூறு, டெல்லியில் கேடயம்.

ஓட முடியாது என்பதற்குக் காரணம் பற்றுயிரி. அப்படிப் பெயர் வைத்த விஞ்ஞானிக்குத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும், கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒட்டிக்கொள்வதும் பற்று, கணக்கில் கடன் எழுதுவதும் பற்று. ஆய்வகத்தில் செய்த சிப்பி அது. சட்டைப் பொத்தான் அகலம், இரண்டு ஓடுகளையும் தட்டித் தட்டி நீந்தும். வேலை இரண்டு. கப்பல் மட்டியைத் தின்ன வேண்டும். பணம் கட்டிய படகுக்குத் துறை அடித்துக் கொடுக்கிற தீர்வைப் பூச்சின் வாசம் எந்த அடிப்பலகையில் இல்லையோ, அதில் ஒட்ட வேண்டும். ஒட்டினால் படகு கனக்கும், எண்ணெய் குடிக்கும், துறைமுகத்தைத் தாண்டாது. உரிமையாளர் பணத்தோடு ஓடி வருவார். காவலுக்கும் வசூலுக்கும் ஒரே ஆள். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. ஊர்க்காரர்கள் அதை ‘ஆபீசர்’ என்றார்கள்.

கரை கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் ஆன பிறகு துறையின் தானோட்டிப் படகு வாய் திறந்தது.

“சுமை கூடுகிறது. தேவையற்ற பொருள்களை அகற்றவும்.”

படகில் இருந்தது கோதண்டம் ஒருவன்தான்.

காலுக்கடியில் ஒரு சத்தம் கேட்டது. பொரி வறுக்கிற மாதிரி, சின்னதாக, விடாமல். விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். நேற்றுத்தான் கழுவித் துடைத்த நீலநிற அடிப்பாகத்தைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளையாக, தடிப்புத் தடிப்பாக ஏதோ வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. துடுப்பால் ஒன்றைப் பெயர்த்தான். அது இருந்த இடத்தை அடைக்கப் பத்து வந்தன. ஒன்று ஒட்டினால் ஒரு வாசம் விடும், அந்த வாசத்துக்கு ஆயிரம் வரும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னபோது அவன் கைதட்டியிருந்தான்.

அப்போதுதான் உறைத்தது. அரசுப் படகுக்குக் கடற்கடன் இல்லை. கடன் இல்லாததால் ரசீது இல்லை. ரசீது இல்லாததால் பூச்சு இல்லை. இத்தனை வருடம் இது யாருக்கும் தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. துறைப் படகைத் துறை எப்போதும் தார்ப்பாய் போட்டுக் கரையிலேயே வைத்திருந்தது.

எஞ்சினுக்குக் குளிர்நீர் இழுக்கிற குழாய் அடைத்துக்கொண்டது. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. இப்போது அது குழாய்க்குள்ளிருந்து வந்தது. மீட்பு மையத்தைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் விபத்து என்று பதிவாகும், இரண்டு புள்ளி குறையும். கையில் இருந்த, படகுகளின் பாக்கியும் மாவட்டத்தின் புள்ளியும் பதிகிற கணக்கிப் பலகையைப் பார்த்தபடி கோதண்டம் யோசித்தான். கோயம்பேட்டில் தக்காளி மண்டி வைத்திருந்தவரின் மகன் அவன். உயிரா புள்ளியா என்ற இடத்திலும் இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இரண்டும் கிடைக்குமோ என்றுதான் புத்தி போயிற்று. அவன் பொறுத்திருந்தபோது குழாய் வெடித்தது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது.

படகு ஆடியதில் கணக்கிப் பலகை நழுவியது. குனிந்து பிடித்து நிமிர்ந்தபோது ஒரு படகு பக்கத்தில் வந்து நின்றது. மூக்கில் எழுதியிருந்ததை அவன் இரண்டு முறை படித்தான். மிக்கேல் துணை.

சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டையும் தலையில் துண்டுமாக, ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி சுக்கானைப் பிடித்திருந்தாள்.

“என்ன சார், ஆபீசர் ஏறிட்டாரு போலிருக்கே.”

“பிரகாசியம்மா?”

“நாந்தான். இந்தப் படகுக்குத் தண்டல். நீங்களும் தண்டல்தானாமே, கதவுல போட்டிருந்துது.”

“கயிறு போடும்மா மொதல்ல.”

“போடுதேன். எதுக்கு இவ்ளோ தூரம் வந்தியன்னு சொல்லலியே.”

கோதண்டம் எட்டிப் பார்த்தான். அவள் படகின் அடிப்பாகம் துடைத்த கண்ணாடியாக இருந்தது. சுற்றிலும் கயிற்றில் கூடைகள் தொங்கின. கூடைகளைச் சுற்றித் தண்ணீர் உலை மாதிரிக் கொதித்தது.

“அது என்ன கூடை?”

“மாமூல்.”

“என்னது?”

“கப்பல் மட்டி சார். ஆபீசருக்குப் பலகையவிட மட்டிதான் இஷ்டம். கூடையத் தொங்கவிட்டா அதத் தின்னுட்டு மயங்கிக் கெடப்பாரு. நம்ம சோலியப் பாக்கலாம்.”

கப்பல் மட்டி ஒன்றைக் கையில் வைத்திருந்தாலே இரண்டு வருடம் உள்ளே. அதைச் சொல்ல அவன் வாயைத் திறந்தான். தண்ணீர் கெண்டைக்காலுக்கு ஏறியது. மூடிக்கொண்டான்.

“நீ மட்டும்தான் இப்படியா?”

“நல்லாக் கேட்டிய. பணம் கட்டுனவனும் கூடதான் போடுதான். உங்க பூச்சு ஆறு மாசம்னு எழுதியிருக்கு, ரெண்டு மாசத்துல அலசிப் போவுது. மிச்ச நாளுக்குக் கடலோரம் முச்சூடும் கொல்லையில தொட்டி கட்டி மட்டி வளக்காவ. ரெண்டு ஆபீசருக்கு எதுக்குக் குடுக்கணும்னுதான் நான் ஒருத்தருக்கு மட்டும் குடுக்கேன்.”

மாதாமாதம் அவன் டெல்லிக்கு அனுப்பிய கணக்கு நினைவுக்கு வந்தது. பற்றுயிரிகள் தின்று ஒழித்த கப்பல் மட்டி, இத்தனை ஆயிரம் டன். இந்தத் தொட்டி மட்டியையும் சேர்த்துத்தான் தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு.

“உன் கடன்ல பாதி தள்ளிடறேன்,” என்றான்.

“தண்ணி எதுவரைக்கும் சார்?”

“முட்டி.”

“அப்பம் பாதி காணாது.”

“முழுசாத் தள்ள எனக்கு அதிகாரம் இல்லம்மா. மந்திரியாலயே முடியாது. மூழ்கின படகுக்கு மட்டும்தான் கடன் ரத்து.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். சரக்கின் அடக்கவிலையை வாங்க வந்தவரிடமே வாய்தவறிச் சொல்லிவிட்டவனின் கதிதான்.

பிரகாசி கயிற்றைக் கையில் சுற்றியபடி அவனைப் பார்த்தாள். “அப்பம் முக்கிருங்க.”

“என்னது?”

“மிக்கேல் துணை இன்னைக்கு இந்த எடத்துல முங்கிட்டுன்னு எழுதுங்க. எனக்கு ரெண்டு பிள்ளைய படிக்கி. இந்தப் படகு போச்சுன்னா நாங்க மூணு பேரும் முங்குனதுதான். நீங்க எழுதுங்க, நான் கயித்தப் போடுதேன்.”

“கயிறு போடு, ஏறி வந்து எழுதறேன்.”

“ஏறி வந்தா நீங்க சார் ஆயிருவிய. இப்பம்தான் நீங்க மனுசன்.”

அரசுப் படகின் பின்புறம் இறங்கியது. மேசை, தண்ணீர்க் கேன், பறிமுதல் முத்திரைப் பெட்டி எல்லாம் மிதந்து அவன் இடுப்பில் இடித்தன. பொரி வறுக்கும் சத்தம் இப்போது விளிம்புக்கு மேலே கேட்டது. கோதண்டம் விரலை அழுத்தினான். கணக்கிப் பலகை இனிய குரலில் பேசியது: “மிக்கேல் துணை மூழ்கியது. கடன் ரத்து. மாவட்டச் செயல்திறன் நூறு. வாழ்த்துகள்.”

கயிறு வந்து விழுந்தது.

அவன் ஏறிக் குப்புற விழுந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அரசுப் படகு உள்ளே போயிற்று. அது போன இடத்தில் தண்ணீர் வெள்ளையாயிற்று. அடியாழத்துக்குப் போகிற பலகையோடு பற்றுயிரிகள் போகவில்லை. விட்டுவிட்டு மேலே வந்தன. மூழ்கிய படகுக்குக் கடன் இல்லை என்ற விதி அவற்றுக்கும் தெரிந்திருந்தது. வெளிச்சத்தில் மிதக்கிற அடிவயிறு ஒன்று பக்கத்திலேயே இருந்தது, மிக்கேல் துணை. எல்லாம் அதை நோக்கித் திரும்பின.

பிரகாசி எஞ்சினை முடுக்கினாள். முதல் முறையாக அவள் முகத்தில் பேரம் இல்லை.

“இவ்ளோ கூட்டம் நான் பாத்ததில்ல. உங்க படகு விட்ட வாசம் தீவு வரைக்கும் போயிருக்கும் போல.”

“கூடை இருக்கே.”

“மொதல்ல ஒரு கூட ஒரு வாரம் வரும். தின்னு தின்னு பெருகிட்டாவ. அப்புறம் ஒரு நாள். போன மாசம் அரை நாள்.” அவள் கயிறு ஒன்றை இழுத்தாள். கூடை வெறும் பின்னலாக மேலே வந்தது. “இது இப்பம் போட்டது.”

கோதண்டம் மீட்பு மையத்தைக் கூப்பிட்டான். இந்த முறை யோசிக்கவில்லை.

“எந்தப் படகில் இருக்கிறீர்கள்?” என்றது குரல்.

“மிக்கேல் துணை. பற்றுயிரி சூழ்ந்திருக்கு. ரெண்டு பேர் இருக்கோம்.”

“மிக்கேல் துணை மூழ்கிவிட்டது. மீட்பதற்குப் படகு இல்லை.”

“மூழ்கலை. நான் அதுமேலதான் நிக்கறேன். நான் துணை இயக்குநர்.”

“துணை இயக்குநர் அரசுப் படகில் இருக்கிறார்.”

“அதுதான் மூழ்கிடுச்சு.”

“அந்த இடத்தில் இன்று ஒரு மூழ்கல் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. பதிவை மாற்ற டெல்லிக்கு விண்ணப்பிக்கவும். வேலை நாள்கள் ஏழு.”

அவன் மறுபடி கூப்பிட்டான். அதே குரல், அதே நிதானம். மூன்றாவது முறை கூப்பிட்டபோது, மூழ்கிய படகிலிருந்து அழைப்பு வருவது கருவிக் கோளாறு என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தது.

“என்ன சொல்லுதாவ?”

“நாம இல்லையாம்.”

பிரகாசி சிரிக்கவில்லை. பின்னால் வெள்ளையாக ஒரு அகலமான தடம் தொடர்ந்து வந்தது. படகின் அடியில், தொலைவில் யாரோ கடுகு தாளிப்பது மாதிரி, ஒன்று இரண்டு சத்தம் தொடங்கிவிட்டது.

“பூச்சு டின் ஏதும் கொண்டாந்தியளா?”

“படகோட போச்சு. இருந்தாலும் காயணும்ல.”

“மட்டிக் கூட அஞ்சு மிச்சம் இருக்கு. ஒண்ணு கால் மணி நேரம் தாங்கும், நல்ல மனசுள்ள ஆபீசரா இருந்தா.”

“கரைக்கு எவ்வளவு நேரம்?”

அவள் சொன்னாள். கோதண்டம் மனதுக்குள் வகுத்தான். ஏழு கூடை. உடனே பேரத்தில் இறங்கினான், எதிரே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே. ஐஸ் பெட்டியைத் தள்ளினார்கள். பிடித்த மீனைத் தள்ளினார்கள். வலையை அறுத்துவிட்டபோது மட்டும் பிரகாசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துறைமுகத்தை விட்டுவிட்டுப் பக்கத்து மணல்திட்டுக்குப் போனால்? அதற்கும் படகைத் திருப்பினாள். ஏழு ஆறாயிற்று. அதற்குக் கீழே இறங்கவில்லை.

“இன்னும் ஏதாவது குறையுமா பாரும்மா.”

“ஆபீசர் தள்ளுபடி தாரதில்ல சார்,” என்று சொல்லிவிட்டு அவள் முதல் கூடையை இறக்கினாள்.

வேண்டியது ஆறு. இருப்பு ஐந்து. பாக்கி, ஒன்று.