மூன்று சுண்டு

சுவருக்குள் போயிருந்த கேபிள் இரண்டு முறை சுண்டியது. மாடியில் யாரும் இல்லை.

இமானுவேல் கையை எடுத்துவிட்டு, சுவரில் பதித்த குழாயின் வாயையே வெறித்துப் பார்த்தான். கட்டைவிரல் அளவு ஓட்டை. அதற்குள் எலிகூடப் போகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பெரியபட்டினத்து அந்த வீட்டில் சுவர்கள் அவ்வளவு கனம், வைஃபை ஓர் அறையைத் தாண்டாது. கத்தாரிலிருந்து வரப்போகும் மகன் பர்வேஸ் மாடியறையில் உட்கார்ந்து வேலை பார்க்கத்தான் தாஜுன்னிசா வயர் இழுக்கச் சொல்லியிருந்தாள். காலையில் அவனைப் பார்த்ததுமே எரிந்து விழுந்தாள்.

"ரெண்டு பேரு வருவீகன்னுல்ல சொன்னாக?"

"கூட்டாளி தவறிட்டான்மா. நான் மட்டுந்தேன்."

"அதுக்கு நான் என்ன செய்ய? ஒத்த ஆள வீட்டத் தொறந்துபோட்டு விட்டுட்டுப் போக முடியாது. கேட்டப் பூட்டிட்டுப் போறேன். அசர் தொழுகைக்குள்ள வந்துருவேன், முடிச்சு வைங்க."

பூட்டு விழுந்த சத்தத்துக்குப் பிறகு வீட்டில் அவன் மட்டுமே. தெருவில் காயும் நெத்திலியின் கவிச்சியும், புதுப் பெயிண்டின் நெடியும், மூடிய ஜன்னல்களுக்குள் புழுங்கும் மத்தியான வெக்கையும் ஒன்றாய்க் கலந்து தொண்டையில் ஒட்டின. கூடத்திலிருந்து கேபிளைக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டே வந்தவனுக்கு, பாதி வழியில் வளைவில் அது சிக்கிக்கொண்டது. மேல் முனையில் நின்று இழுக்க ஆள் வேண்டும். அங்கே குழாய் முடியும் சுவர்ப்பெட்டியின் மூடியைக்கூட அவன் இன்னும் கழற்றவில்லை.

அப்போதுதான் சுண்டியது.

இரண்டு சுண்டு என்றால் இழுக்கிறேன், விடு. மூன்று என்றால் நிறுத்து. சுவர் தாண்டிக் கத்தினால் கேட்காது என்பதால் அவனும் கூட்டாளி சேதுராமனும் வைத்துக்கொண்ட கணக்கு அது. எட்டு வருஷம் பிசகவில்லை. போன ஆடியில் பாம்பனில் ஒரு மாடிப்படி உச்சியில், ஏணியில் நின்ற சேதுவின் கையில் கேபிள் சுற்றிக்கொண்டது. மூன்று சுண்டு வந்தது. எங்கோ சிக்கியிருக்கிறது, வெடுக்கென்று இழுத்தால் வந்துவிடும் என்று இமானுவேல் நினைத்தான். இழுத்தான்.

"சுண்டவே இல்ல தங்கச்சி" என்று சேதுவின் மனைவி முருகலட்சுமியிடம் சொன்னான். கவனமில்லாமல் நின்றவன் விழுந்தான் என்று ஊரும் சொல்லிவிட்டது. அந்தப் பொய்யை அவன் இன்றுவரை காப்பாற்றி வந்தான்.

கேபிள் நகர்ந்தது. தரையில் இருந்த அட்டைப்பெட்டிக்குள் சுருள்கள் ஒவ்வொன்றாய் 'தொப், தொப்' என்று அவிழ்ந்தன. கேபிளின் மேல் அச்சிட்ட மீட்டர் எண்கள் அவன் விரல்களுக்கிடையே ஓடின. மாடிக்குப் பதினெட்டு மீட்டர் போதும். நாற்பது போயிற்று. அறுபது. மேலே அந்தச் சுவர்ப்பெட்டி மூடியேதான் இருந்தது.

"யாரு மேல?"

கேபிளின் வேகம்தான் கூடியது. இறுக்கிப் பிடித்தான், உள்ளங்கை தீய்ந்தது. பதற்றத்தில் கேபிளை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக் காலைச் சுவரில் ஊன்றினான். தூண்டில் கயிற்றைக் கையில் சுற்றியதற்காகச் சின்ன வயதில் அய்யாவிடம் படகிலேயே அறை வாங்கியவன் அவன். சுற்றிய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

சுற்று இறுகியது. கட்டர் ஏணியின் மேல் தட்டில். எட்டவில்லை. வெளியே கேட்டில் பூட்டு.

கை சுவரை நோக்கிப் போனது. விரல் நுனிகள் குழாய் விளிம்பில் முட்டின.

மூன்று முறை சுண்டினான். இழுப்பு நிற்கவில்லை. மறுபடியும் மூன்று.

"சேது! நீ சுண்டுனலே! மூணு தடவ சுண்டுன! எனக்குத் தெரிஞ்சுது. நாந்தாம்லே இழுத்தேன்!"

கேபிள் நின்றது.

தூரத்துப் பள்ளிவாசலில் அசர் பாங்கு தொடங்கியது. தெருவில் செருப்புச் சத்தம். கேட்டில் சாவி திரும்பியது. இமானுவேல் அழுதுகொண்டே மூச்சை விட்டான்.

மணிக்கட்டில், மெதுவாக, நிதானமாக, பழகிய கையின் அழுத்தத்தோடு, சுண்டியது.

ஒன்று.

இரண்டு.

தாஜுன்னிசா கதவைத் திறந்தபோது அவன் சுவரோடு சுவராய் ஒட்டி நின்றான். கட்டைவிரல் அளவு ஓட்டைக்குள் அவன் வலது கை முழங்கைவரை போயிருந்தது. தோள் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.