ஏழாண்டு ஓய்வு

"என் ரத்தத்தை எடுத்துக்கோங்க."

குருவம்மாள் இதைச் சொன்னபோது டாக்டர் ஸ்டெல்லா மோத்தா சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. அறைக்கதவு திறந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்.

"மெதுவாப் பேசு பிள்ள. கதவைச் சாத்து."

"சாத்த மாட்டேன். ஏழு வருசம் முடிஞ்சு பதினோரு நாளாச்சு. கூப்பிடுவாங்க கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருந்தேன். யாரும் கூப்பிடல. அதான் நானே வந்துட்டேன். எடுத்துக்கோங்க."

டாக்டர் எழுந்து வந்து கதவைத் தானே சாத்தினார்.

தூத்துக்குடிக் குருதிக்கூடத்தில் அன்று கூட்டம் அதிகம். நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும் கொடைவாரம். கடல் உள்ளே வந்த பிறகு பழைய துறைமுகச் சாலை தண்ணீருக்கடியில் போய்விட்டதால் ஜனங்கள் படகில் வந்து இறங்கினார்கள். வந்தவர்களை வினவி என்ற இயந்திரம் ஏழு கேள்வி கேட்கும். பதில் சரியாக இருந்தால் ஊசிக்கை மேலிருந்து இறங்கி வலிக்காமல் வேலையை முடிக்கும். கடைசியில் கட்டைவிரல் நகத்தில் சிவப்பு மை. அது அழிய நான்கு மாதம் ஆகும். கடையில் சில்லறை வாங்கும்போதும், படகில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும், ஊரே ஒருவர் நகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும்.

குருவம்மாளின் நகம் வெறும் நகம். அவள் அதே கூடத்தின் குளிர்க்கிடங்கில் வேலை பார்க்கும் பொறியாளர். பதினெட்டாயிரம் பேரின் ரத்தம் நான்கு டிகிரியில் கெடாமல் இருப்பது அவள் பொறுப்பு. கம்ப்ரஸர் இரைச்சலை வைத்தே எந்த அடுக்கில் கோளாறு என்று சொல்லிவிடுவாள். அவள் ரத்தம் மட்டும் அங்கே ஒரு பைகூடக் கிடையாது.

ரத்தம் கிடக்கட்டும். ஐவர்தான் விஷயம்.

வெப்பக்காய்ச்சல் வந்த ஆண்டுகளில், செயற்கைக் குருதி உடம்பில் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கவில்லை என்று தெரிந்தபோது, அரசு ஐவர் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஐந்து பேரை ஒரு கட்டாகச் சேர்ப்பார்கள். ஒருவருக்குத் தேவை என்றால் மற்ற நால்வர் முதலில் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் அது வெறும் பட்டியலாக இருந்தது. முப்பது வருடத்தில் சொந்தபந்தத்தைவிடப் பெரிதாகிவிட்டது. கல்யாணத்தில் முதல் பந்தி ஐவருக்கு. சாவுக்கு முதல் மாலை ஐவருடையது. புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஊர் எது என்று யாரும் கேட்பதில்லை, "உங்க ஐவர் யாரு?" என்றுதான் கேட்கிறார்கள். முன்பு சாதி கேட்ட அதே வாய்தான் இப்போது இதைக் கேட்கிறது என்று குருவம்மாள் ஒருமுறை சாப்பாட்டு அறையில் சொல்லப்போய், அன்றிலிருந்து அவள் மேசையில் யாரும் உட்காருவதில்லை.

அவளுக்கு ஐவர் இல்லை. அவள் ஓய்வுப் பட்டியலில் இருக்கிறாள்.

அது இருபத்தொரு வயதில் நடந்தது. உப்பள லாரி ஓட்டுநரின் மகள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். விடுதி அறையில் யாரிடமும் பேச வாய்வராத ஒரு கெட்ட பருவத்தில் தன்னையே காயப்படுத்திக்கொண்டாள். பிறகு அவளே எழுந்து நடந்து மருத்துவ மையத்துக்குப் போனாள். வாரத்துக்கு இரண்டு நாள் ஆலோசகரிடம் பேசினாள். ஓராண்டு ஆயிற்று, தேறினாள், படித்தாள், வேலைக்கு வந்தாள். அந்த முதல் நாள் செவிலி "எப்படி ஆச்சு?" என்று கேட்டபோது கண்ணாடி குத்திவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அதே மாதிரிக் காயத்தோடு வந்த பக்கத்து அறைப் பெண் அப்படித்தான் சொன்னாள். அவளுக்கு இன்று ஐவர் இருக்கிறார்கள். குருவம்மாள் உள்ளதைச் சொன்னாள். உள்ளது பதிவாயிற்று.

தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர் ரத்தம் கொடுக்க முன்வந்தால் அது கொடை அல்ல, நோய்க்குறி. சட்டம் அப்படித்தான் சொன்னது. எனவே ஏழாண்டு ஓய்வு. அந்த ஏழாண்டில் வாய்விட்டுக் கேட்டால் நோய்க்குறி திரும்பிவிட்டது என்று பொருள். கேட்ட நாளிலிருந்து ஏழாண்டு மறுபடி தொடங்கும். அவளுக்குக் கொடுத்த ஓய்வுச்சீட்டின் அடியில் பூ வரைந்த கட்டத்துக்குள் எழுதியிருந்தது: அழைப்பு வரும். நீங்களாகக் கேட்க வேண்டாம்.

அவள் கேட்கவில்லை. ஏழு வருடம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, தூத்துக்குடி வெயிலில்.

"உக்காரு," என்றார் டாக்டர்.

"நின்னுக்கிட்டே கேக்கேன். ஏன் கூப்பிடல?"

"அதச் சொல்லக்கூடாதுன்னு விதி இருக்கு. உன் நல்லதுக்கு."

"என் நல்லத நான் பாத்துக்கிடுதேன். நீங்க சொல்லுங்க."

டாக்டர் டப்பாவை மூடி ஒதுக்கி வைத்தார். கைத்திரையைத் தட்டி, சிறிது தயங்கி, அவள் பக்கம் திருப்பினார்.

குருவம்மாளின் பெயர். கீழே ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, அதன் எதிரில் ஒரே வாசகம்: தானாக முன்வந்து கேட்டார். ஓய்வு புதுப்பிக்கப்பட்டது. அறுபது வரி.

எல்லாத் தேதியும் முதல் தேதி. எல்லா நேரமும் காலை ஆறு.

அவளுக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

ஒவ்வொரு மாதமும் முதல் நாள், கூடம் திறக்கும் முன்னால் வினவியைச் சோதிக்க வேண்டும். ஆள் நாற்காலியில் உட்கார்ந்து, சோதனைச் சாவியைத் திருப்பி, நிஜக் குரலில், "ரத்தம் கொடுக்க வந்திருக்கேன்" என்று சொல்ல வேண்டும். மற்ற பொறியாளர்கள் அந்த வேலைக்கு வரமாட்டார்கள். முறை தப்பி நாற்காலியில் உட்கார்ந்தால் தங்கள் ஐவருக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சாவியைக் கையில் வைத்தார். "உனக்குத்தான் முறையே கிடையாதே. நீயே பண்ணிரு."

ஐந்து வருடமாக அவள் பண்ணினாள். வினவி ஒவ்வொரு முறையும் மென்மையாக, "குருவம்மாள், நீங்கள் ஓய்வில் இருக்கிறீர்கள். நன்றி" என்று பதில் சொல்லும். ஆளைச் சரியாக அடையாளம் காண்கிறது என்று அவளும் ஏட்டில் குறித்துக்கொள்வாள்: இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது.

"சாவி போட்டா பதிவாகாதுன்னுல்லா சொன்னாங்க," என்றாள்.

"சாவி ஊசிக்கையத்தான் நிறுத்தும். பேசுனது பூரா தலைமையகத்துக்குப் போயிரும்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு வருசம் முந்தி."

"ரெண்டு வருசமா, மாசாமாசம் சோதனை ஏட்டுல கையெழுத்துப் போட்டுட்டு, என்னப் பாத்து 'சாப்ட்டியா பிள்ள'ன்னு கேட்டிருக்கீங்க."

"சொன்னா நீ நொடிஞ்சு போவன்னு பயந்தேன். அந்த விதியே அதுக்குத்தான்…"

"நொடியலியே. பாருங்க. உக்காந்துதான இருக்கேன். கோவமா இருக்கேன், அவ்வளவுதான். கோவத்துக்கும் உங்க பட்டியல்ல ஒரு பேரு இருக்கா?"

டாக்டர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். காகிதத் தாள், அதைப் பார்த்தே எத்தனை நாளாயிற்று.

"தலைமையகத்துக்கு எழுதுனேன். சோதனைன்னாலும் வாயால கேட்டது கேட்டதுதான்னு பதில் வந்துட்டு. ஒரே வழி இதுதான். தவறான பதிவு மனு. அந்தக் காயம் காலேஜ் பட்டறையில கம்ப்ரஸர் பைப் கிழிச்சதுன்னு எழுதிக் குடு. நான் சாட்சி போடுதேன். ஆதிப் பதிவே அழிஞ்சிரும். ஓய்வும் இல்ல, ஒண்ணும் இல்ல." குரலைத் தாழ்த்தினார். "வெளிய நாலு பேரு உக்காந்திருக்காங்க பாத்தியா? உப்பளத்து ஆளுங்க. அஞ்சாவது ஆளு போன மாசம் இறந்துட்டாரு. உன்னப் பத்தி அவங்ககிட்டச் சொல்லி வச்சிருக்கேன். இன்னைக்கே உன்னச் சேத்து விட்டுருவேன். சாயந்தரம் நகத்துல மையோட வீட்டுக்குப் போவ."

குருவம்மாள் தாளைப் பார்த்தாள். இருபத்தெட்டு வயதில் அவள் வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. போன வைகாசியில் காய்ச்சலில் படுத்தபோது ஒன்பது நாள் வீட்டுக்கதவை யாரும் தட்டவில்லை. மருந்தைக் கொண்டுவந்த பறவைப்பெட்டி ஜன்னலில் இறங்கி, "பெற்றுக்கொண்டீர்களா?" என்று கேட்டபோது, இல்லை என்று சொன்னாள். இன்னொரு முறை கேட்கட்டும் என்றுதான்.

"அவங்களப் பாத்துட்டு வாரேன்," என்று தாளோடு எழுந்தாள்.

நால்வரும் சுவரோரப் பெஞ்சில் பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார்கள். மூத்தவர் பொன்ராஜ், உப்பு அளவைக்காரர். பக்கத்தில் அவருடைய ஐவரில் ஒருத்தியான மாடத்தி, வரப்பு வெயிலில் கருத்துப்போன ஐம்பது வயதுக்காரி. மற்ற இருவரும் அண்ணன் தம்பிபோல ஒரே மாதிரி இருந்த வாலிபர்கள்.

"நீதானா பிள்ள?" பொன்ராஜ் இடம் விட்டு நகர்ந்தார். "குளிர்க்கிடங்குல வேலையாம்லா? நல்லதாப் போச்சு. இவனுக ரெண்டு பேரையும் கொஞ்ச நாள் உள்ள வச்சுப் பூட்டு. வாய் ரொம்பச் சூடு."

"அண்ணாச்சியோட ஜோக்குக்கு நாங்க ரெண்டு வருசமா ரத்தம் குடுக்கோம்," என்றான் ஒருவன்.

குருவம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. தன் சிரிப்புச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

"சரி, கையப் போடு," என்றாள் மாடத்தி.

அதுதான் வழக்கம். ஐவர் சேரும் முன்னால் எல்லோரும் சட்டைக்கையைச் சுருட்டி, முழங்கையை ஒரே பலகையில் ஊன்றி, உள்ளங்கை மேலே பார்க்க வைக்க வேண்டும். தழும்பு, மச்சம், கொப்புளம் எது இருந்தாலும் எதனால் வந்தது என்று சொல்ல வேண்டும். ஒளிக்காதவன் ரத்தம்தான் ஒட்டும் என்பார்கள். நான்கு கை பலகையில் விழுந்தது. உப்பு அரித்த கைகள். பொன்ராஜ் தன் தீக்காயத்தைக் காட்டினார். ஒரு வாலிபன் காதலி கடித்த இடத்தைக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

குருவம்மாள் பொத்தானைக் கழற்றி, கையைச் சுருட்டி, ஐந்தாவதாக வைத்தாள்.

"இது எதனால பிள்ள?"

"கம்ப்ரஸர்…" என்று தொடங்கினாள்.

யாரும் சந்தேகப்படவில்லை. பொன்ராஜ் தலையாட்டத் தொடங்கிவிட்டார். இன்னும் இரண்டு வார்த்தை சொன்னால் போதும். பிறகு வாழ்நாள் பூராவும் இந்த நாலு பேரிடம் அந்த இரண்டு வார்த்தையைக் காவல் காக்க வேண்டும்.

"கம்ப்ரஸர் இல்ல. நானேதான். இருபத்தோரு வயசுல. இப்ப அது இல்ல. ஆனா நான் பண்ணுனதுதான்."

பலகையில் இருந்த கைகள் அசையவில்லை. பிறகு ஒவ்வொன்றாக எழுந்தன.

"அப்ப ஓய்வுல்லா?" என்றார் பொன்ராஜ். கோபமில்லாமல், வருத்தத்தோடுதான் சொன்னார். "தப்பா நினைக்காத பிள்ள. அஞ்சு ஆகலன்னா எங்க நாலு பேருக்கும் பாதுகாப்பு கிடையாது. பைப்புன்னே சொல்லிருக்கலாம்லா? நாங்களா போய்க் கேக்கப்போறோம்?"

"தெரியும் அண்ணாச்சி. அதான் சொன்னேன்."

அவள் தாளை நான்காக மடித்து டாக்டர் மேசையில் வைக்கப் போனாள். டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். தாளோடு சேர்த்துச் சோதனைச் சாவியையும் இடுப்புக் கொக்கியிலிருந்து கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"சோதனைக்கு வேற ஆளப் பாருங்க, டாக்டர்."

"என்ன செய்யப் போற?"

"கேக்கப் போறேன்."

கூடத்தின் நடுவே வினவி நாற்காலி அப்போதுதான் காலியாகியிருந்தது. வரிசையில் நின்றவர் வழிவிட்டார்; கூடத்துச் சீருடையைப் பார்த்து ஏதோ பழுது என்று நினைத்திருக்க வேண்டும். அவள் சுருட்டிய கையைப் பலகையில் நீட்டினாள்.

"ரத்தம் கொடுக்க வந்திருக்கேன்."

அறுபது முறை சொன்ன வாக்கியம். இந்த முறை சாவி இல்லாமல்.

"குருவம்மாள், நீங்கள் ஓய்வில் இருக்கிறீர்கள். இன்றிலிருந்து ஏழாண்டுகள். நன்றி," என்றது வினவி. கூடம் முழுக்க அந்தக் குரல் கேட்டது. பொட்டலம் பிரிக்கும் சத்தங்கூட நின்றது. நூறு கண் அவள் கையில் இருந்தது.

அவள் சட்டைக்கையை இறக்கிவிடாமல் எழுந்தாள். வாசலை நெருங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம். மாடத்தி. கையில் பேரீச்சம்பழம் ரெண்டு.

"இந்தா, வெறுங்கையோட போகாத." கொடுத்துவிட்டும் அவள் நகரவில்லை. யாரும் கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். "எம் மவளுக்கும் இருக்கு பிள்ள. இதே மாதிரி. அஞ்சு வருசமா கைய மூடியே வச்சிருக்கா. கேட்டா திரும்ப மொதல்லருந்துன்னு ஒரு வார்த்தை பேச மாட்டேங்கா. எங்கிட்டகூட."

குருவம்மாள் அவளை ஒரு நொடி பார்த்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நான் இந்த நாற்காலில இருப்பேன். நாளன்னைக்கும் இருப்பேன். தினமும் கேப்பேன், யக்கா. அவளக் கேக்கச் சொல்லல. வந்து பக்கத்துல நின்னாப் போதும்."

"வருவாளோ என்னமோ."

"வராட்டாலும் நான் வருவேன்."

படகுத்துறையில் வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கிடந்தது. ஏழு வருடம் கழித்து முழங்கை வரை வெயில் பட்டது, சுட்டது. குருவம்மாள் ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, வெறும் நகத்தோடு, அடுத்த படகின் கம்பியைப் பிடித்து ஏறினாள்.